பசியாவரத்தில் அடங்கிய கப்பித்தான்

நேற்று முற்பகல் மீன்கூடையோடு கோட்டை வாசலுக்கு வந்த, ஏரிக்கு அக்கரைப் பசியாவரத்து அஞ்சலை, கூடையை இறக்காமலே சொன்னார்: "கப்பித்தான் பூட்டாரு, ஐயா."

வால்டர் கப்பித்தான் ஆங்கிலேயர். பழவேற்காட்டுக்கு வந்து டச்சுக்காரராகிய ஒல்லாந்தரிடம் சேவகம் பார்ப்பதற்கு முன்பு, அமெரிக்காவில் தம் நாட்டார் புதிதாகக் குடியேறிய ஊர்களுக்குப் படைத்தலைவராக இருந்தவர். கோட்டையில் மொழிபெயர்க்கும் துபாசியான நான்தான் அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். அவரோ என் தமிழை விட்டுவிட்டுப் படகுக்காரர் தமிழைப் பிடித்துக்கொண்டார்.

அமெரிக்காவைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. ஒருமுறை ஏரியில் போகும்போது, கரையோரக் குடிசைகளைப் பார்த்துவிட்டு, அங்கேயும் ஆற்றோரம் மீன்பிடித்து வாழ்ந்த பூர்வகுடிகளின் ஊர் ஒன்று இருந்தது என்றார். அதைச் சுற்றிவளைத்துத் தீ வைக்கச் சொன்னவர் அவரே. அந்த வெற்றிக்காக அவருக்கு நிலம் கொடுத்தார்களாம். அதில் ஒரு போகம்கூட விதைக்க அவருக்கு மனம் வரவில்லை.

"உள்ள புள்ளைங்க இருந்துச்சு, நைனா. சத்தம் கேட்டுச்சு. நிறுத்துன்னு நான் ஒரு வார்த்த சொல்லல," என்றார்.

சென்ற ஐப்பசியில் கடல் கொந்தளித்தபோது, கப்பலுக்குச் சரக்கு கொண்டுபோகப் பசியாவரத்துப் படகுக்காரர்கள் மறுத்தார்கள். சில நாள் முன்புதான் முகத்துவாரத்தில் தம்மவர் ஒருவரைப் பறிகொடுத்திருந்தார்கள். கோபம் கொண்ட மேலதிகாரி, அவர்கள் குடிசைகளைக் கொளுத்தும்படி கப்பித்தானுக்கு உத்தரவிட்டார். அவர் முடியாது என்றார். வாளைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, நேரே படகேறிப் பசியாவரம் போனார். அஞ்சலையின் வாசலில் நின்று, "புள்ளைங்கள மொதல்ல படகுல ஏத்து. மத்தத அப்புறம் பாத்துக்கலாம்," என்றாராம். மறுநாள் வேறொருவர் தலைமையில் போன வீரர்கள் எரித்தது ஆளில்லாத குடிசைகளை.

அதற்காக அவரைச் சிறையில் வைத்தார்கள். பிறகு வெளியே துரத்தினார்கள். சிறையில் கண்ட காய்ச்சல் அவரை விடவே இல்லை. மறுபடி கட்டிய குடிசைகளில் ஒன்றில் பசியாவரத்தார் அவரை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது, ஒரு ஊரையே காப்பாற்றினீர்களே என்று தேற்றினேன். அவர் முகம் திருப்பிக்கொண்டார்.

"இது அதுக்கு ஈடாவாது, நைனா."

 

ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடம் தரவில்லை. ஏரிக்கரை மணலில் அடக்கம் செய்தோம். அவருடைய கிறிஸ்தவ வேத முறை எங்களில் யாருக்கும் தெரியாது. அவரவர்க்குத் தெரிந்தபடி கும்பிட்டோம். எல்லோரும் திரும்பிய பிறகும் அஞ்சலை மட்டும், நண்டு தோண்டிவிடும் என்று, ஈர மணலை உள்ளங்கையால் தட்டித் தட்டி இறுக்கிக்கொண்டிருந்தார்.

போய் வாருங்கள், கப்பித்தான்.