மீன் டின்னில் செய்த மஞ்சள் விளக்கு

பஸ்காரரைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்குப் புசல்லாவைக்கு மேலே இறங்கியிருந்த பனிமூட்டத்தில் என் மோட்டார் சைக்கிள் எனக்கே சரியாகத் தெரியவில்லை. எதிரே ஏறி வந்த அவருக்கு எப்படித் தெரியும்? ஓர் ஆட்டோவை முந்திக்கொண்டு என் பக்கத்துக்கே வந்துவிட்டார். நான் ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கினேன். அடி ஒன்றுமில்லை. முழங்கால் வரைக்கும் சேறு, வாய் நிறைய வசவு, அவ்வளவுதான்.

வீடு வந்ததும் என் வீட்டுக்காரர் சேற்றைப் பார்த்தார். கத்தவில்லை. அதுதான் வம்பு. அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

"இது சரிப்பட்டு வராது," என்றார் மெதுவாக. "என் ஆபீஸ்ல ஒருத்தர் பைக் தேடுறாரு. ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்றேன். நீ பஸ்ஸுலயே போ."

நாங்கள் இருப்பது கம்பளையில். அவருக்குப் பேராதனையில் வேலை. நான் விஞ்ஞானம் படிப்பிக்கும் பாடசாலை புசல்லாவையைத் தாண்டி இருக்கிறது. வீட்டில் நான் மனைவி, அங்கே டீச்சர். நடுவில் பைக்கில் போகிற நேரத்தில் மட்டும் நான் யாருக்கும் எதுவும் இல்லை. தேயிலை மலையோரம் வாய்விட்டுப் பாடிக்கொண்டே போவேன். ஹெல்மெட்டுக்குள் என் குரல் எனக்கே நன்றாக இருக்கும். அதைப் போய் விற்கிறதாம்!

"பஸ்காரங்களுக்கு என்னத் தெரியலங்கிறதுதானே ஒங்க பயம்? தெரிய வச்சா?"

"தெரிஞ்சா பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' எனக்குப் போதும்.

கடையில் செய்து விற்கிற விளக்குகள் வெள்ளையாக அடிக்கும். பனிமூட்டத்தில் அந்த வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே விழும். எனக்கு மஞ்சள் வேண்டும், கொஞ்சம் கீழே பார்த்து விழ வேண்டும், எதிரே வருகிறவர்களின் கண் கூசக் கூடாது. மின்சுற்று படிப்பிக்கிறவளுக்கு ஒரு விளக்குச் செய்யத் தெரியாதா என்ற திமிரும் இருந்தது, மறைப்பானேன்? கண்டிக்குப் போய் ஆறு மஞ்சள் எல்.ஈ.டி பல்பும் வயரும் வாங்கினேன். பல்ப் உட்கார இரண்டு மீன் டின்னைக் கழுவி எடுத்தேன். எத்தனை தரம் கழுவியும் வாடை போகவில்லை. பக்கத்து வீட்டுப் பூனை வாசலை விட்டு நகரவே இல்லை.

எல்.ஈ.டி சூடாகும். அந்தச் சூட்டை இழுக்கப் பின்னால் அலுமினியம் வைக்க வேண்டும். சோற்றுப் பானை மூடி கண்ணில் பட்டது. வெட்டிவிட்டேன்.

"பானைக்கு ஏன் தட்டு மூடியிருக்க? மூடி எங்க?" என்றார் வீட்டுக்காரர்.

"பைக்குல."

அவர் தட்டைத் தூக்கிச் சோற்றைப் போட்டுக்கொண்டார்.

டின்களை இரண்டு பக்கமும் பூட்டி, வயரை ஹெட்லைட் வயரோடு சேர்த்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். எரிந்தது! கை தட்டினேன். குஷியில் எக்ஸிலேட்டரை முறுக்கினேன். வெளிச்சம் கூடியது, துடித்தது, ஒரு டின் அணைந்தது. அடுத்த நொடி மற்றதும் போனது.

கோபம் தலைக்கேற, மறுநாள் பாடசாலை விட்டதும் நேரே கண்டிக்குப் போய் அந்தக் கடை முதலாளியின் முன்னால் நின்றேன். "என்ன பல்ப் குடுத்தீங்க? ஒரு நிமிஷம்கூட எரியல!"

அவர் பொறுமையான மனிதர். "எந்த வயர்ல குடுத்தீங்க டீச்சர்?"

"ஹெட்லைட் வயர்ல."

"பழைய பைக்குதானே? அதுக்கு ஹெட்லைட் கரண்ட் பெட்டரியில இருந்து வாறல்ல டீச்சர். எஞ்சின்ல இருந்து நேரா வாற ஏ.சி. கரண்ட். பல்ப் போகத்தானே செய்யும்."

ஆடலோட்டம்! வருசா வருசம் பதினோராம் வகுப்பில் கரும்பலகையில் அலை அலையாக வரைந்து, ஆடலோட்டம் வேறு, நேரோட்டம் வேறு என்று தொண்டை கிழியக் கத்துகிறவள் நான்.

"டீச்சர் என்ன பாடம் படிச்சிக் குடுக்கிற?" என்று கேட்டார்.

"மனையியல்," என்றேன், வாய் கூசாமல்.

புதிய பல்புகளோடு வந்து, இந்த முறை பெட்டரியிலிருந்தே வயர் எடுத்தேன். நடுவில் ஒரு ஃபியூஸும் சுவிட்சும் போட்டேன். எவ்வளவு முறுக்கினாலும் ஆடாமல் அசையாமல் எரிந்தது.

வீட்டுக்காரர் சோதனை வைத்தார். வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டு, கம்பளையிலிருந்து ஏறும் பஸ்ஸில் முன் சீட்டில் வருவாராம். டிரைவரிடம் எதுவும் சொல்ல மாட்டாராம். நான் எதிரே இறங்கி வர வேண்டும். "தூரத்துலயே தெரிஞ்சா பைக் ஒனக்கு. கிட்ட வந்தப்புறம் தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை போயிரும்."

என் வாழ்க்கையில் பனிமூட்டம் வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டது அன்றைக்குத்தான். சாமியும் தாராளமாகக் கொடுத்தது. பாடசாலைக் கேட்டைத் தாண்டினால் மலையும் இல்லை, ரோடும் இல்லை. சுவிட்சைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். மஞ்சள் வெளிச்சம் ரோட்டோரக் கோட்டில் விழுந்தது.

நாலாவது வளைவைத் திரும்பினேன். கீழே, நல்ல தூரத்தில், பஸ் ஒன்று இடது பக்கமாக ஒதுங்கி நின்றது. பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனால் ஜன்னலெல்லாம் தலை, எல்லாம் என்னையே பார்க்கின்றன.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "டீச்சர், அந்த வளைவுல திரும்பும்போதே ரெண்டு மஞ்சள் லைட்டக் கண்டு நான் ஒதுக்கிட்டேன். ஒடனே இவரு எந்திரிச்சி, அது என் வீட்டுக்காரி, மீன் டின்னுல அவளே செஞ்சதுன்னு பஸ்ஸுக்கே கேக்கிற மாதிரி கத்துறாரு!"

கத்தினாரா? இவரா? எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

வீட்டுக்காரர் இறங்கினார். பஸ் போனது. அவர் போனை எடுத்து, "பைக் விக்கிறதில்ல, வீட்டுல பாவிக்கிறாங்க," என்று சொல்லிவிட்டு வைத்தார். பிறகு தோள்பையைத் திறந்து தன் ஹெல்மெட்டை எடுத்தார்.

"இத கம்பளையிலருந்தே கொண்டாந்தீங்களா? நான் பாஸாகிருவேன்னு அவ்வளவு நம்பிக்கையா?"

"பெயிலானா மட்டும்? இந்தப் பனியில ஒன்னத் தனியா வர விட்டிருவேனா?" என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார்.