வாழைப்பழத்தில் வைத்த மாத்திரை

மூன்றாவது தடவையும் எங்கள் மாடு சினை பிடிக்கவில்லை. அந்த ஆத்திரத்தில், சினை ஊசி போடுகிறவரைப் பால் சொசைட்டியில் பத்துப் பேர் முன்னால் பிடித்து, "உன் கைக்கு ராசியே இல்லய்யா" என்று கத்திவிட்டேன். அவர் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மறுபடி கூப்பிட்டபோதும் கரியாலூர் மேடேறி வந்தார். "மாடு நொண்டுதேக்கா, இன்னா மருந்து குடுக்கறீங்க?" என்றார்.

எனக்கு முட்டிவலி. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரையில் எனக்கு ஒன்று, வாழைப்பழத்துக்குள் வைத்து மாட்டுக்கு நான்கு. மாதக்கணக்காக அப்படித்தான். அதுவும் என்னைப் போல வலியோடு நடக்கிறதே என்ற பரிதாபம்தான். அதை அவரிடம் சொன்னேன்.

"எலிக்கு இதக் குடுத்தா கரு கர்ப்பப்பையில ஒட்டாம பூடுதாம், மாட்டு டாக்டர் சொல்லிக்கினு இருந்தாரு. மாட்டுக்கும் அப்டித்தான்னு சொல்ல முடியாது. எதுக்கும் நிறுத்துங்கக்கா. டாக்டர் காலைப் பாக்கட்டும், அப்பறம் ஊசி போடலாம்."

அவர் குரலில் கோபமே இல்லை.

திட்டியது பத்துப் பேர் முன்னால். மன்னிப்புக் கேட்டது கொட்டகையில், மாடு மட்டும் பார்க்க. இன்றும் சொசைட்டியில் அவர் கைக்கு ராசியில்லை என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். நான் பாலை ஊற்றிவிட்டுப் பேசாமல் வந்துவிடுகிறேன்.