பொறி இல்லாத இன்ஜின்

இன்ஜின் சோதனைக்கூடத்தில் அவளை எல்லோரும் புகையக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புகைக்குழாயில் கருவியைச் செருகி, வெளியே வரும் நச்சு வாயுவை அளக்கத்தான் அங்கே சேர்ந்தாள். போகப்போக, உள்ளே எரிவதைச் சரிசெய்வதும் அவள் தலையில் விழுந்தது.

பல வருடங்கள் ஒரே இன்ஜினோடு மல்லுக்கட்டினாள். அதில் பெட்ரோலைப் பற்றவைக்கத் தீப்பொறி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் சூட்டிலேயே கலவை தானாகப் பற்றும். எரிபொருள் மிச்சம், புகையும் குறைவு. ஆனால் பற்றும் நேரம் யார் பேச்சையும் கேட்காது. சூடு கூடினால் முந்திக்கொண்டு டொக்டொக்கென்று தட்டும். குறைந்தால் பற்றவே பற்றாது. எரிந்த வாயுவில் கொஞ்சத்தைச் சிலிண்டருக்குள்ளேயே பிடித்துவைத்து, அந்தச் சூட்டைக்கொண்டு பற்றும் நேரத்தை வழிக்குக் கொண்டுவந்தாள்.

இன்ஜினை ஒரு நகரப் பேருந்தில் பொருத்தினார்கள். அதன் ஓட்டுநர் அவளுடைய அண்ணன். முதல் வாரமே போன் செய்தான்.

"உன் இன்ஜின் என் மானத்த வாங்குது. ஸ்டாப்புல நின்னு கெளம்பினா இருமுது. திட்டு மட்டும் எனக்கு."

"இங்க நல்லாத்தானே ஓடுதுண்ணா?"

"அங்க யாரு ஏறி எறங்குறா?"

அவளுக்குச் சுருக்கென்றது. மறுநாள் லேப்டாப்போடு அவனுக்குப் பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

"டிக்கெட் எடுத்தியா?" என்றான் அண்ணன், திரும்பாமலே.

ஒரு நிறுத்தத்தில் குழந்தை வண்டியோடு ஒரு பெண் ஏறினாள். ஊன்றுகோல் பிடித்த பெரியவர் ஒவ்வொரு படியாக இறங்கினார். அதுவரை இன்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. திரையில் சிலிண்டரின் சூடு இறங்கிக்கொண்டே போனது. கூடத்தில் இவ்வளவு நேரம் நிறுத்திப் பார்த்ததே இல்லை. அண்ணன் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி குலுங்கியது. எரியாத பெட்ரோல் நெடி மூக்கில் ஏறியது.

மேலாளரிடம் போனாள். "நின்னு கெளம்புறப்போ மட்டும் ஸ்பார்க் பிளக் வச்சுக்கலாம் சார்."

"பொறியே இல்லாத இன்ஜின்னு ஊரெல்லாம் சொல்லியாச்சேம்மா!"

"நச்சு வாயு கொஞ்சம் கூடும். அதையும் சொல்லிடலாம். ஆனா வண்டி இருமாது."

அவளுக்கும் மனசில்லைதான், பொறியை ஒழித்ததே அவள்தானே. மேலாளர் சில நாள் இழுத்தடித்துவிட்டு ஒத்துக்கொண்டார். நச்சு வாயுவின் அளவு கொஞ்சம் ஏறியது; அப்போதும் பழைய பேருந்துகளைவிட வெகுவாகக் குறைவுதான். வண்டி இன்றும் அதே தடத்தில் ஓடுகிறது. அடுத்த இன்ஜின் வந்தபோது, புகையக்கா முதல் வேலையாகப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகுதான் சோதனைக்கூடத்துக்கு வந்தாள்.