ஞாயிற்றுக்கிழமை வராத பஸ்

இந்த ஊரில் வருடத்துக்கு இரண்டு நாள் மாதா கோயில் மணியைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். இத்தாலியில் தோல் பதனிடும் சிறிய ஊர் இது. வாசனை ஆம்பூர்தான், பேச்சுதான் வேறு. தினமும் காலை ஏழு மணிக்கு அடிக்கும் அந்த மணி, ஈஸ்டருக்கு முந்தைய வெள்ளியும் சனியும் அடிக்காது. ஏசு இறந்த துக்கமாம். கீழ்வீட்டு அம்மா தன் கையைக் கயிற்றால் சுற்றுவது போல் செய்து காட்டிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. அதற்குள் காரியம் கெட்டிருந்தது. என் மனைவி மல்லிகா கருத்தடை மாத்திரையை அந்த மணியை நம்பித்தான் விழுங்கிக்கொண்டிருந்தாள்.

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் நம் பக்கத்துப் பெண்கள் பலர் இப்படித்தான் என்பதால் எழுதுகிறேன். ஆம்பூரை அடுத்த மாதனூரில் இருந்தபோது, மூத்தவன் நடக்கத் தொடங்கியதும் மல்லிகா ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வேலைக்குப் போனாள். அடுத்தது உடனே வேண்டாம் என்று சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கினோம். தினமும் ஒரே நேரத்தில் போடச் சொன்னார்கள். கம்பெனி பஸ் தினமும் ஒரே நேரத்தில்தான் வந்தது. திருப்பத்தில் ஹாரன் அடித்ததும் மாத்திரையை விழுங்கிவிட்டு, டிபன் பாக்ஸோடு ஓடுவாள். ஒருநாளும் தவறியதில்லை. ஆனாலும் பொங்கல் முடிந்த பிறகு தலைசுற்றல் வந்தது. நர்ஸம்மா அட்டையை வாங்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, வாரத்துக்கு ஒண்ணு மிச்சம் இருக்குது?"

"ஞாயித்துக்கெழம பஸ்ஸு வராதுங்க சிஸ்டர்."

"பொங்கலுக்கு?"

"நாலு நாள் கம்பெனி லீவு."

"நான் மாத்திர குடுத்தது உனுக்கா, பஸ்ஸுக்கா?"

ஐப்பசியில் மகள் பிறந்தாள். கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்ள உடம்பில் ரத்தம் போதாது என்று தள்ளிப்போட்டார்கள். அதற்குள் நான் இங்கே வேலைக்கு வந்துவிட்டேன். நான் இத்தாலியில், அவள் மாதனூரில். அதைவிட நம்பகமான கருத்தடை முறையை நான் பார்த்ததில்லை.

போன வருடம் மகளை வேலூரில் காலேஜ் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு மல்லிகா இங்கே வந்தாள். மறுபடி மாத்திரை. வந்த வாரமே மணியைப் பிடித்துக்கொண்டாள். "இங்க ஞாயித்துக்கெழமையும் அடிக்குதுங்க, இன்னும் ஜாஸ்தியாவே அடிக்குது" என்று ஒரே பெருமை. பழைய தப்புக்கு இந்த ஊரே பரிகாரம் செய்துவிட்டதாக நானும் நம்பினேன். பிறகு ஈஸ்டர் வந்தது. எங்கள் தொழிற்சாலையில் இரண்டு நாளும் லீவு விட்டதால் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். மணி அடிக்கவில்லை, ஆகவே மல்லிகாவுக்கு ஏழு மணி ஆகவில்லை. இரண்டு நாளும் ஆகவேயில்லை.

அடுத்த மாதம் நாள் தள்ளிப்போனது. மல்லிகா சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தாள். "நாப்பத்திரண்டு வயசுல வயித்த தள்ளிக்கினு நின்னா, காலேஜ் படிக்கற பொண்ணு மூஞ்சில எப்படிங்க முழிக்கறது? உடம்பு தாங்குமா மொதல்ல?" எனக்கும் அந்தப் பயம்தான். ரத்தம் போதாத உடம்பு.

பெண்களுக்கான அரசு மருத்துவ நிலையத்தை இங்கே கன்சுல்தோரியோ என்கிறார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளன் நான்தான். என் இத்தாலிய மொழி முழுவதும் தோல் ஊறும் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்று கற்றது. டாக்டர் எங்கள் மகளைவிடக் கொஞ்சம்தான் பெரியவராக இருப்பார். ஏன் மாத்திரை தவறியது என்று கேட்டார். "காம்பானா இல்லை" என்றேன். மணி. அவர் விழித்தார். ஆரம்பத்திலிருந்து சொன்னால் புரியும் என்று நினைத்து, "முன்பு பஸ். ஞாயிறு பஸ் இல்லை" என்றேன். அவர் இரக்கத்தோடு தலையாட்டி நர்ஸிடம் ஏதோ சொன்னார். நர்ஸ் போய் உள்ளூர் பஸ் அட்டவணையை எடுத்து வந்து, ஞாயிற்றுக்கிழமைப் பகுதியில் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன்.

சிறுநீரைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தபோது டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஒரு வருடம் சரியாகச் சாப்பிட்டால் நூறு பெண்களில் ஒருவருக்குக்கூடக் கரு தங்காது. ஆனால் மனிதர்கள் நிஜத்தில் சாப்பிடுகிற மாதிரி சாப்பிட்டால்... அவர் வார்த்தை தேட, நான் எனக்குத் தெரிந்த வார்த்தையைக் கொடுத்தேன். "ஸ்கார்த்தோ?" தோலில் கழிவாகும் சரக்கை அப்படித்தான் சொல்வோம். அவர் திகைத்து, பிறகு சிரித்துவிட்டார். ஆமாம், நூற்றுக்கு ஏழு என்றார்.

நூறு தோலில் ஏழுதான் கழிவு என்றால் ஆம்பூரில் அந்தச் சரக்குக்கு மாலையே போடுவார்கள். அதையே மல்லிகாவிடம் ஆறுதலாகச் சொன்னேன். அவள் என்னை முறைத்தாள். "அந்த ஏழுல ஒண்ணுதான் வேலூர்ல காலேஜ் படிக்குது. சொல்லுங்க அந்தம்மாகிட்ட." அதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை.

முடிவு வந்தது. ஒன்றுமில்லை. இந்த வயதில் நாள் தள்ளிப்போவதும் உண்டாம். மல்லிகா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வெகுநேரம். இனி காப்பர்-டி போட்டுக்கொண்டால் ஞாபகமே வைக்க வேண்டாம், பல வருடம் தாங்கும் என்றார் டாக்டர். "அப்போ எந்த சத்தமும் வேணாமா?" என்று கேட்டாள் மல்லிகா, என்னமோ பறிபோகிற மாதிரி. யோசித்துச் சொல்வதாகச் சொல்லச் சொன்னாள். சரி, அதுவரை செல்போனில் அலாரம் வைக்கட்டும் என்றார் டாக்டர்.

போனில் இருந்த எந்தச் சத்தமும் அவளுக்குப் பிடிக்கவில்லை. மாதனூரில் இன்னும் அதே கம்பெனிக்குப் போகிற தன் தங்கையிடம் கம்பெனி பஸ்ஸின் ஹாரன் சத்தத்தைக் கேட்டு வாங்கினாள். "இன்னாக்கா பேஜார் உன்னோட? ஹாரனுக்கு போன நீட்டினா, டிரைவரண்ணன் போட்டோ புடிக்கறன்னு தலைய சீவிக்கினு வர்றாரு" என்று திட்டோடு சேர்த்து அனுப்பியிருந்தாள் அவள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. மாதனூரில் பஸ் கிடையாது. இங்கே காலை ஏழு மணிக்கு எங்கள் மூன்றாம் மாடிச் சமையலறையில் ஹாரன் அடித்தது. மல்லிகா மாத்திரையை விழுங்கினாள். வழக்கம்போல அவள் கை மேடை மேல் டிபன் பாக்ஸைத் தேடியது. பிறகு தண்ணீர் டம்ளரோடு ஜன்னலுக்குப் போய், கல் பாவிய காலித் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"பஸ்ஸுக்காரன் போய்ட்டான்" என்றாள்.