தண்ணி ஏறட்டும்

என் வீட்டு வாசற்படியில் ஓர் இரும்புத் தகடு கிடக்கிறது. மூன்றரை அடி நீளம். என் சக்கர நாற்காலி வழுக்காதபடி மேலெல்லாம் முண்டு முண்டாகப் புடைத்திருக்கும். ஒரு முனையில் மஞ்சள் பெயின்டில் ‘படகு பக்கம்’ என்று எழுதி ஓர் அம்புக்குறியும் உண்டு. அந்த அம்பு இப்போது தெருச் சாக்கடையைக் காட்டுகிறது. சிதம்பரத்தில் என் வீட்டுக்கு முதல் தடவை வருகிற யாரும் அதைப் பற்றிக் கேட்காமல் போனதில்லை. அக்கா வீட்டுக்காரர் செய்தது என்பேன். படகு எங்கே என்று கேட்டால், உட்காருங்கள், கொஞ்ச நேரமாகும் என்பேன்.

எனக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்தது. அதிலிருந்து நான் அதிகமாகக் கேட்ட சொல் ‘தூக்கிடலாம்’. கல்யாண மண்டபத்தில் பதினெட்டுப் படியா, தூக்கிடலாம். பஸ் படி உயரமா, தூக்கிடலாம். சினிமாக் கொட்டகையில் மாடி டிக்கெட்தான் மிச்சமா, அட, தூக்கிடலாம். தூக்கலாமா என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அப்படித் தூக்குகிறவர்களுக்கெல்லாம் தலைவர் அக்கா வீட்டுக்காரரான எங்கள் மாமா. முதுநகரில் வீடு, சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஃபிட்டர் வேலை. “வா மச்சான்” என்று அக்குளில் கையைக் கொடுத்தாரென்றால் அடுத்த நொடி நான் அந்தரத்தில் இருப்பேன். ஒருமுறை தேர்வீதியில் அப்படித் தொங்கிக்கொண்டிருந்தபோது, நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் நாலு பேர் எதிரே வந்து “வணக்கம் சார்” என்றார்கள். கால் தரையில் படாமல் வணக்கம் சொன்ன வாத்தியார் நான் ஒருத்தன்தான். அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரமும் அவமானமும் இன்னும் ஆறவில்லை.

2006 கோடை விடுமுறையில், சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழிக்குள் இருக்கும் ஒரு திட்டில் புதிதாகத் திறந்த விடுதிக்கு எல்லோரும் போவதாக அக்கா முடிவு செய்தாள். ஊனமுற்றோருக்கு வசதி உண்டு என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். என்ன வசதி என்று போன் போட்டுக் கேட்டேன். “நாலு பசங்க இருக்காங்க சார், தூக்கிடுவாங்க” என்றது அந்தக் குரல். யாராவது என்மேல் கை வைத்தால் வரமாட்டேன், வாழ்க்கையில் ஒரு தடவையாவது என் சக்கரத்தில் நானே உருண்டு படகில் ஏற வேண்டும் என்று சொல்லிவிட்டேன். மாமாவுக்கு முகம் தொங்கிப்போனது. “ஒன்னத் தூக்க எனக்குக் கை வலிக்குதுன்னு சொன்னனா?” என்றார். மூன்று நாள் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரிடமும் சொல்லாமல் டேப்பை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் படகுத்துறைக்குப் போய், துறைக்கும் படகின் முன்தளத்துக்கும் எவ்வளவு இறக்கம் என்று அளந்துகொண்டு வந்தார். அரை அடி. பழைய இரும்புக்கடையில் தகடு பொறுக்கி, வெட்டி, விளிம்பு கட்டி, பெயின்டும் அடித்தார். அது இரண்டு பேர் தூக்கும் கனம். ஏன் மாமா இவ்வளவு கனம் என்றால், “நீ மட்டும் இன்னா பஞ்சா?” என்றார்.

அடுத்த ஞாயிறு, அவர் அளந்த அதே ஒன்பது மணிக்கு, குடும்பத்தோடும் தகட்டோடும் துறையில் நின்றோம். படகு இரண்டடிக்குக் கீழே கிடந்தது. தகட்டை வைத்தால் சறுக்குமரம் மாதிரி நின்றது. மாமா டேப்பை விரித்தார், சுருட்டினார், மறுபடி விரித்தார். “போன வாரம் இதே ஒம்போது மணிதாங்க” என்று படகுக்காரரிடம் சண்டைக்குப் போனார். அவர் பீடியை அணைத்துவிட்டு, மாமாவின் கம்பெனிச் சட்டையைப் பார்த்து, “போன வாரம் இந்நேரம் தண்ணி ஏத்தம். இப்ப வத்தம். ஒங்க கம்பெனி சங்கு ஊதற நேரம் பாத்துக் கடல் ஓதம் ஏறாதுங்க” என்றார். அளக்கும்போதே சொல்லக் கூடாதா என்று நான் கேட்டதற்கு, “எதுக்கு அளக்கறாருன்னு எனக்கு இன்னா தெரியும்? எப்படியும் தூக்கத்தான போறீங்க” என்று சொல்லி இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார்.

ஒருத்தன் என் கால்பக்கம் குனிந்தேவிட்டான். அக்கா, “இந்த ஒரு தடவ பல்லக் கடிச்சுக்கடா” என்றாள். அப்போதுதான் மாமா நடுவில் வந்து நின்றார்.

“கைய எடு. தண்ணி ஏறட்டும்.”

நாலு மணி நேரம் ஆகும் என்றார்கள். ஆகட்டும் என்றார். மே மாத வெயிலில், தகரக் கூரைக்கடியில், கட்டிக்கொண்டுபோன எலுமிச்சஞ் சோற்றைத் துறையிலேயே பிரித்தோம். அக்கா பெண்கள் இரண்டும் என்னை முறைத்தன. அக்கா மாமாவை முறைத்தாள். மாமா கால்மணிக்கு ஒருதரம் எழுந்து தண்ணீரை அளந்தார். நானோ, படகுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கூத்து உண்டா என்று நாலு மணி நேரமும் மாமாவைத் திட்டிக்கொண்டே இருந்தேன். என்மேல் உள்ள பாசத்தால் உட்கார்ந்திருந்தாரா, தகடு வீணாகக் கூடாதென்றா, இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மணிக்குத் தகடு சீராக உட்கார்ந்தது. இரண்டு சக்கரத்தையும் என் கையாலேயே தள்ளி இறங்கினேன். மாமா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். திட்டில் போய் இறங்கியதும் அப்படித்தான். அங்கே விடுதிக் கழிப்பறைக் கதவுக்குள் நாற்காலி நுழையவில்லை. மாமா ஸ்க்ரூடிரைவர் வாங்கிக் கதவையே கழற்றிவிட்டு, படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார். மேனேஜர் கத்தியது வேறு கதை.

மாமா இறந்து இரண்டு வருடமாகிறது. 2011-இல் வந்த ‘தானே’ புயலில் அந்தப் பழைய துறை போய்விட்டது. புதிதாகச் சிமென்ட்டில் சரிவுப்பாதை கட்டி, ‘மாற்றுத்திறனாளிகளுக்கு’ என்று நீல போர்டு வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, போன மாதம் தனியாக ஆட்டோவில் போனேன். ஊனமுற்றோர் என்ற பெயரை மாற்றியவர்கள் உயரத்தைக் கவனிக்கவில்லை. காலை ஒன்பது மணி, வற்றம். சரிவு முடிகிற இடத்திலிருந்து இரண்டடிக்குக் கீழே படகு. இதையும் யாரோ ஓர் ஏற்றத்தில் அளந்து கட்டியிருக்கிறார்கள். சட்டைக் கையை மடித்துக்கொண்டு மூன்று பேர் வந்தார்கள். “தூக்கிடலாம் சார்.” தண்ணி ஏறட்டும் என்றேன். ஒருத்தன் கடியாரத்தைப் பார்த்தான். மூவரும் டீ குடிக்கப் போய்விட்டார்கள். தண்ணீர் ஏறும்வரை காத்திருந்த நாலு மணி நேரமும் திட்டுவதற்கு எனக்கு ஆள் இல்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தகட்டில் ஏறினேன். முண்டுகள் பாதி தேய்ந்துவிட்டன, மஞ்சள் எழுத்து மட்டும் அப்படியே இருக்கிறது. அன்றைக்கு நான் மாமாவுக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது எதிரே வந்து நின்றாலும் முதலில் அதையேதான் கேட்பேன்: ஏன் மாமா, அந்தப் படகுக்காரரை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?