மஞ்சள் தொப்பிக் கணக்கு

துறைமுகத்தில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் இல்லை. தொப்பிக்காரம்மா என்றால்தான் தெரியும். பயணிகள் கப்பல் வந்து நிற்கும் நாட்களில், அதில் வரும் குழந்தைகளை முதலைப் பண்ணைக்குக் கூட்டிப்போய், கப்பல் கிளம்புவதற்குள் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து விடுவது அவள் பிழைப்பு. பெற்றோர் கடைவீதியைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள், அல்லது கப்பலிலேயே காலை நீட்டிப் படுத்திருப்பார்கள். துணைக்குக் கப்பல் சார்பில் ஒரு டீச்சர் வருவாள். ஆனாலும் வேன் தன்னுடையது என்பதால் பொறுப்பும் தன்னுடையதுதான் என்று தொப்பிக்காரம்மா தானாகவே தலையில் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். கணவர் லாரி ஓட்டுகிறவர், வீட்டுக்கு வந்தால் விருந்தாளி. ஆகையால் தலையில் தூக்கி வைத்துக்கொள்வது அவளுக்குப் பழகிப்போன வேலைதான்.

தொப்பி வந்த கதை சின்னது. முதல் வருஷம் அவள் முகத்தைப் பார்த்துத்தான் எண்ணினாள். வாரத்துக்கு ஒரு கூட்டம், எல்லாம் புது முகம். பண்ணையில் வேறு வேன் பிள்ளைகளோடு கலந்துவிட்டால் எது நம்முடையது, எது அடுத்தவருடையது என்றே புரியாது. அதனால் மஞ்சள் துணி வாங்கித் தானே தொப்பி தைத்தாள். வேனில் ஏறியதும் ஆளுக்கொன்று. திரும்பும்போது படியருகில் நின்றுகொண்டு, ஒவ்வொரு தொப்பியின் மேலும் லேசாகத் தட்டி எண்ணுவாள். அந்தத் தட்டு வாங்குவதற்காகவே பிள்ளைகள் தலையை முன்னால் நீட்டுவார்கள். "முகம் மாறும், தொப்பி மாறாது" என்று மற்ற டிரைவர்களிடம் பெருமை அடித்துக்கொள்வாள். பெயர் மட்டும் கேட்க மாட்டாள். "பேரக் கேட்டா மனசு ஒட்டிக்கும். சாயந்திரமானா கப்பல் போயிடும். எதுக்கு வம்பு?" என்பாள்.

அன்றைக்குப் பள்ளிக்கூடம் விடுமுறை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்று தன் மகளைக் காலையிலேயே பண்ணையில் கொண்டுபோய் விட்டிருந்தாள். தொப்பிக்காரம்மாவின் தங்கை அங்கேதான் வேலை பார்க்கிறாள், முதலைகளுக்கு இறைச்சி வெட்டிப் போடும் வேலை. மகளுக்கு எட்டு வயது. தலையையும் மூடுகிற நீல மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு சித்தி பின்னாலேயே திரிவாள். அந்த நீலக் கோட்டைப் பார்த்தாலே பண்ணை ஆட்கள், நம்ம வீட்டுப் பிள்ளை என்று பின்பக்கக் கதவைத் திறந்துவிட்டுவிடுவார்கள். வந்து போகிறவர்கள் எல்லாரும் பாலத்தின் மேல் நின்று முதலையைப் பார்க்க வேண்டும், நீலக் கோட்டு மட்டும் குளக்கரைச் சுவர்வரை போகலாம்.

அப்படிப்பட்ட ராஜ மரியாதை இருந்தும் அந்தக் குட்டிக்கு முதலை அலுத்துப்போயிருந்தது. அவளுக்கு ஒரே ஆசை, கப்பலைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். வீட்டு மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் புகைக்கூண்டு மட்டும்தான் தெரியும். வேனில் கூட்டிப்போ என்று கேட்டுக் கேட்டு வாய் வலித்துப்போயிற்று. "அடுத்த தடவ கண்ணு" என்று தொப்பிக்காரம்மாவும் சொல்லிச் சொல்லிச் சலித்துவிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் மழை பிடித்துக்கொண்டது. கப்பல் பிள்ளைகள் எல்லாரும் கப்பலில் கொடுத்த வெள்ளை பிளாஸ்டிக் கோட்டை மாட்டிக்கொண்டு, அதற்கு மேல் மஞ்சள் தொப்பியும் வைத்துக்கொண்டு வேனுக்கு ஓடி வந்தார்கள். டீச்சர் வேலைக்குப் புதிது. கடலில் பட்ட மயக்கம் தரையிலும் தெளியாமல், முன்சீட்டில் சாய்ந்தபடி, "நீங்க எண்ணிட்டா சரிங்கக்கா" என்றாள். தொப்பிக்காரம்மா முகத்தில் வழியும் மழையைத் துடைத்தபடி தட்டித் தட்டி எண்ணினாள். கணக்கு சரியாக இருந்தது. தூரத்தில் இறைச்சிக் கொட்டகையருகே நீலக் கோட்டு நின்றிருந்தது. "சித்திகிட்டயே இரு, வந்துடறேன்!" என்று கை காட்டினாள். நீலக் கோட்டும் கை காட்டியது.

வழியெல்லாம் பின்சீட்டில் ஒரே கிசுகிசுப்பும் சிரிப்புமாக இருந்தது. முதலையைப் பார்த்த குஷி என்று நினைத்துக்கொண்டாள்.

துறைமுக வாசலில் பிள்ளைகள் இறங்கி, கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டிக்கொண்டு ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். கடைசியாக நின்ற பிள்ளை காவலாளியைக் கண்டதும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டது. கழுத்தில் அட்டை இல்லை. அவர்கள் தெருவிலேயே குடியிருக்கிற காவலாளி குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னங்கம்மா, உங்க பொண்ணையே கப்பலேத்தி அனுப்புறீங்களா?"

நல்ல ஜோக் என்று தொப்பிக்காரம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தொப்பியைத் தூக்கினாள். உள்ளேயிருந்து தன் மகளின் முகம் அவளைப் பார்த்தது.

"நீ இங்க இருக்கியே... அப்ப அங்க யாருடி?"

"என் ஃப்ரெண்டும்மா. அவளுக்கு முதலைக்குக் கறி போடுறதக் கிட்ட நின்னு பாக்கணுமாம். எனக்குக் கப்பல் பாக்கணும். அதான் கோட்ட மாத்திக்கிட்டோம். நீ சித்தியக் கூப்பிட மறுபடி போவியே, அப்ப அவள ஏத்திட்டு வந்துடலாம்னு..."

எவ்வளவு சுலபமான திட்டம்! பார்வையாளர்கள் போன பிறகுதான் தீனி போடுவார்கள். முதலைகள் தண்ணீரை விட்டுக் கரையேறுகிற நேரம் அது. நீலக் கோட்டுக்குப் பின்கதவு திறக்கும். அந்தக் கோட்டுக்குள் இருக்கிற பிள்ளைக்கோ எது சுவர், எது எல்லை என்று ஒன்றும் தெரியாது. தங்கைக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. தீனி நேரத்தில் போனைக் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும் என்பது பண்ணை விதி. யாருடைய போனோ ஒருமுறை குளத்தில் விழுந்து, அதை எடுக்கப் போன ஆள் பிழைத்தது பெரும்பாடாகிவிட்டதாம். அலுவலகத்துக்கும் அடித்துப் பார்த்தாள், டிக்கெட் கொடுக்கிறவர் பூட்டிக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது.

"டீச்சர், ஓடிப்போய்க் கப்பல்ல சொல்லுங்க. கால்ல விழுந்தாவது நிறுத்தி வைங்க!"

டீச்சரின் மயக்கம் எங்கே போனதோ, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். தொப்பிக்காரம்மா மகளை முன்சீட்டில் தள்ளி வேனைத் திருப்பினாள்.

அந்தச் சாலையில் அவளுக்குத் தெரியாத பள்ளம் கிடையாது. அன்றைக்கு ஒன்றைக்கூடத் தப்பவிடவில்லை. சந்தைத் தெருமுனையில் ஒரு லாரி குறுக்கே நின்று காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஹாரனை அழுத்திய கையை அவள் எடுக்கவே இல்லை. "என்னம்மா, குடியா முழுகிப்போச்சு?" என்று ஒருவர் கேட்டார். "ஆமாய்யா, முழுகத்தான் போகுது, தள்ளு!" என்று கத்தினாள். அவள் குரலைக் கேட்டு லாரி நகர்ந்தது. பக்கத்தில் மகள் விசும்பிக்கொண்டிருந்தாள். அடிக்க நேரமில்லை, தேற்றவும் நேரமில்லை. பின்னால் துறைமுகத்தில் கப்பல் ஒருமுறை ஊதியது.

பண்ணையின் பின்கதவு தாழிடாமல் கிடந்தது. இறைச்சித் தள்ளுவண்டி வழியிலேயே நின்றது. அதைத் தாண்டிப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

குளத்தின் அக்கரையில் தங்கை, நீளக் கழியின் நுனியில் இறைச்சியைக் குத்தி நீட்டிக்கொண்டிருந்தாள். இக்கரையில், இடுப்பளவுச் சுவருக்கு அந்தப்பக்கம், நீலக் கோட்டு குந்தி உட்கார்ந்திருந்தது. கையில் ஒரு துண்டு இறைச்சி. தண்ணீரில் மழைத்துளிகளுக்கு நடுவே இரண்டு கண்களும் ஒரு மூக்கு நுனியும் அந்தப் பிள்ளையை நோக்கிச் சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தன.

அதே நேரம் தங்கையும் பார்த்துவிட்டாள். தன் அக்கா மகள் என்றே நினைத்து, அவள் பெயரைச் சொல்லி, "சுவரத் தாண்டாத, தாண்டாதன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனேடி! எழுந்திரு!" என்று அலறினாள். நீலக் கோட்டு திரும்பவில்லை. அது தன் பெயர் இல்லையே, எதற்குத் திரும்ப வேண்டும்? யாரோ யாரையோ திட்டுகிறார்கள் என்று அது பாட்டுக்கு இறைச்சியை நீட்டிக்கொண்டிருந்தது.

தொப்பிக்காரம்மா வாயைத் திறந்தாள். கூப்பிட அவளிடம் பெயர் இல்லை. காலையில் வேனில் ஏறும்போது இந்தப் பிள்ளை தன்னிடம் என்னவோ சொல்ல வந்தது நினைவிருந்தது. தொப்பியை மாட்டி, "உள்ள போ, உள்ள போ" என்று தள்ளிவிட்டதும் நினைவிருந்தது. "பாப்பா!" என்றாள். நீலக் கோட்டு அசையவில்லை. ஊரில் எல்லாப் பிள்ளையும் பாப்பாதான்.

அவளுக்குப் பின்னாலிருந்து மகள் கூப்பிட்டாள். கத்தவில்லை, விளையாடக் கூப்பிடுவது போலத் தோழியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். நீலக் கோட்டு சட்டென்று திரும்பிச் சிரித்தது.

"கறியக் கீழ போட்டுட்டு வா. ஓடாத, நடந்து வா. எங்கம்மா வந்திருக்காங்க."

பிள்ளை எழுந்தது. ஓர் அடி வைத்தது, இன்னோர் அடி வைத்தது. தொப்பிக்காரம்மா சுவரின் மேல் குப்புற விழுந்து, எட்டின கையைப் பிடித்து, சிராய்த்தாலும் பரவாயில்லை என்று இந்தப்பக்கம் இழுத்துப் போட்டாள். பின்னால் தண்ணீர் வெடித்துச் சிதறியது. இறைச்சி கிடந்த இடத்தில் இறைச்சி இல்லை. பிள்ளைக்கு அப்போதுதான் பயம் வந்தது, ஓவென்று அழுதது. தொப்பிக்காரம்மாவும் அழுதாள். அக்கரையில் தங்கை கழியைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கப்பல் நின்றிருந்தது. காவலாளி தடுப்புக் கட்டையை முன்கூட்டியே தூக்கி வைத்துக்கொண்டு, "நேரா உள்ள போங்க, நேரா!" என்று கையை வீசினார். டிரைவர்களை ஒருநாளும் விடாத இடம் அது. வேன் கப்பலின் ஏணியடிவரை போய் நின்றது. பிள்ளையின் அம்மா பாய்ந்து வந்து அள்ளிக்கொண்டார். முழங்கையில் இருந்த சிராய்ப்பைப் பார்த்தார், நீலக் கோட்டைப் பார்த்தார், பிறகு தொப்பிக்காரம்மாவைப் பார்த்தார்.

"உங்கள நம்பித்தானங்க அனுப்புனோம்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. பிள்ளை அம்மாவின் தோளிலிருந்தபடியே கோட்டைக் கழற்றி நீட்டியது. மகள் வாங்கிக்கொண்டாள். ஏணி மேலே போயிற்று. "நாளைக்கு ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேப்பாங்கம்மா" என்று காவலாளி மெதுவாகச் சொன்னார். கேட்கட்டும் என்று தலையாட்டினாள்.

கப்பல் நகர்ந்து போகும்வரை வேன் அங்கேயே நின்றது. முழுக் கப்பலும் கண்ணெதிரே, அடியிலிருந்து புகைக்கூண்டுவரை. மகள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை, மடியில் கிடந்த நீலக் கோட்டின் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி இப்படிப் பண்ண? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"சொல்லத்தாம்மா வந்தேன். ஏறும்போது உன்னைத்தான் பாத்துட்டே நின்னேன். நீ என் தலையத் தட்டி எண்ணுனியே?" மகள் இப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள். "நீ தெரிஞ்சுதான் என்ன ஏத்திக்கிட்டன்னு நினைச்சேன். அடுத்த தடவ, அடுத்த தடவன்னு சொன்னியே, இதுதான் அந்தத் தடவன்னு நினைச்சேன்."

தொப்பிக்காரம்மா சாவியில் வைத்த கையைத் திருப்பவில்லை. மழை விட்டிருந்தது. மகளின் தலையில் அந்த மஞ்சள் தொப்பி இன்னும் இருந்தது. அதை மெல்லக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, அந்த முகத்தைப் பார்த்தாள்.