சகலையின் தீயணைப்பு ஒப்பந்தம்

என் சகலையை எல்லோரும் நல்லவன் என்பார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் ஒரு மாகாண அலுவலக எழுத்தன் வெளிநாடு போவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

நான் தலைநகரில், வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பந்தப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகக் குப்பை கொட்டுகிறவன். நாட்டின் ஒப்பந்தங்களில் பாதி என் மேசையைத் தாண்டித்தான் போயின. எனக்குப் பாஸ்போர்ட்கூடக் கிடையாது. என் மனைவியின் தங்கை கணவனோ எல்லை மாகாணத்தில் சட்டப் பிரிவில் இருந்தான். அங்கே ஆற்றுக்கு அக்கரை அடுத்த நாடு. எந்தக் கரையில் தீப்பிடித்தாலும் இரண்டு கரைத் தீயணைப்பு வண்டிகளும் பாலம் தாண்டிப் போகலாம் என்று அவனே ஓர் ஒப்பந்த வரைவு எழுதினான். கையெழுத்து விழா அக்கரையில். கோப்பைத் தூக்கிக்கொண்டு அவனும் போகிறானாம்.

"தங்கச்சி புதுப் பெட்டி வாங்கிட்டாளாம். நீங்களும் இருக்கீங்களே!" என்றாள் என் மனைவி. எனக்கு வயிறு எரிந்தது.

தங்கள் அதிகாரத்துக்குட்பட்ட விஷயங்களில் மாகாணங்கள் வெளிநாட்டோடு ஒப்பந்தம் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் வரைவு முதலில் எங்களிடம் வர வேண்டும். முப்பது நாளில் நாங்கள் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். விளக்கம் கேட்டால், பதில் வந்த நாளிலிருந்து மறுபடி முப்பது நாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவன் வரைவில் குற்றம் தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. இருபத்தொன்பதாம் நாள் விளக்கம் கேட்டேன்: அக்கரை வண்டி நம் வீட்டுச் சுவரை இடித்தால் யார் பொறுப்பு?

நாலே நாளில் பதில் வந்தது. மறுபடி இருபத்தொன்பது நாள் ஊறப்போட்டு, தகராறு வந்தால் எந்த நீதிமன்றம் என்று கேட்டேன். அதற்கும் பதில். மூன்றாவது தடவை, பாஸ்போர்ட் இல்லாத தீயணைப்பு வீரர்களை மாகாணம் எப்படி உள்ளே விடும் என்றேன். எல்லை தாண்டுவது மத்திய அரசின் அதிகாரம், அதை நாங்கள் தொடவில்லை, உங்கள் அமைச்சகத்தின் பழைய உத்தரவே அவசர உதவிக்கு வருகிறவர்களை அனுமதிக்கிறது என்று தேதியோடு எழுதியிருந்தான். அந்த உத்தரவை வரைந்தவனே நான்தான். சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

விழா தள்ளிக்கொண்டே போனது. மச்சினி போனில் அழுதாளாம். அன்று எனக்கு நன்றாகப் பசித்தது.

மறுநாள் இயக்குநர் அம்மா என்னைக் கூப்பிட்டார். கோப்பு அவர் முன்னால் விரிந்து கிடந்தது.

"யார் சார் இந்த ஆளு? இவ்வளவு தெளிவா எழுத நம்ம பிரிவுல ஒருத்தர்கூட இல்லையே. கண்காணிப்பாளர் இடம் காலியாத்தானே கிடக்கு? இவரையே கூப்பிட்டுக்கலாம்."

நாலு வருடமாக நான் காத்திருந்த இடம் அது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

ஒப்பந்தம் நிறைவேறியது. கோப்பைத் தூக்கிக்கொண்டு வேறு யாரோ போனார்கள். சகலை எனக்கு மேலதிகாரியாக வந்து சேர்ந்தான். வீடு கிடைக்கும்வரை எங்கள் வீட்டில்தான் ஜாகை. வந்த அன்று மாலை, என் கொடியில் அவன் சட்டையைக் காயப்போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னான்:

"மூணு தடவையும் கரெக்டா இருபத்தொன்பதாம் நாள். எனக்குப் புரியாதா அண்ணே? வீட்ல யார்கிட்டயும் சொல்லல, பயப்படாதீங்க."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதிலுக்குச் சண்டை போட்டு வீட்டைவிட்டு விரட்டவாவது ஒரு சாக்கு கிடைத்திருக்கும். பெருந்தன்மையும் அந்தப் பாவிக்கே வாய்த்திருந்தது.